நாரையின் மூக்கில் உங்கள் பெயர் எதற்கு?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு நாங்குநேரி பக்கம். ஹார்டுவேர் கடையில் வேலை. ஞாயிறு ஆனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்விடுவேன். மூன்று வருஷமாக எடுத்த படங்கள் ஹார்டு டிஸ்க் நிறையக் கிடக்கின்றன. இன்ஸ்டாகிராமில் தினமும் ஒன்று போடுகிறேன், ஃபாலோயர் 212 பேர், அதில் பாதி சொந்தக்காரர்கள். இதைத் தொழிலாக்கும் எண்ணமெல்லாம் இல்லை. ஆனாலும் இப்படி ஒருத்தன் படம் எடுக்கிறான் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. என்ன செய்யலாம்? சில படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அந்த ஆசையில் வெட்கப்பட ஒன்றுமில்லை தம்பி. எனக்கும் இருந்தது. கேமரா வாங்கிய புதிதில் பெயருக்குக் கீழே ‘வைல்டுலைஃப் போட்டோகிராபர்’ என்று போட்டு 500 விசிட்டிங் கார்டு அடித்தேன். அதுவரை நான் எடுத்திருந்த வைல்டுலைஃப் மொட்டைமாடிக் காக்காயும் ஒரு ஓணானும்தான். இருபது கார்டு கொடுத்திருப்பேன், மீதியின் பின்பக்கத்தில் வீட்டில் இன்றைக்கும் மளிகைக் கணக்கு எழுதுகிறார்கள்.

உங்கள் படங்களுக்கு வருவோம். மஞ்சள் மூக்கு நாரை ஒன்று நல்ல காலை வெளிச்சத்தில் நிற்கிறது, ஆனால் அந்த மூக்கின் மேலேயே உங்கள் பெயரும் பக்கத்தில் குட்டிக் கேமரா சின்னமும். திருட்டுப் போகக் கூடாது என்று போட்டிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பார்க்கிறவர் கண் முதலில் எழுத்தைப் படித்துவிட்டுத்தான் பறவைக்கு வரும். ஓரத்தில் சின்னதாகப் போடுங்கள் போதும். அதையும் வெட்டி எடுக்கிறவன் எடுக்கத்தான் செய்வான், அதற்கு மருந்து வேறே: வெளியே போடுவது 1080 பிக்சல் அகலத்தோடு நிற்கட்டும், பெரிய ஃபைலும், கேமரா பதிந்தபடியே இருக்கிற ரா ஃபைலும் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. நாளைக்குத் தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

அப்புறம் உங்கள் பக்கத்தையும் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் மீன்கொத்தி, மறுநாள் சூரிய அஸ்தமனம், அதற்கடுத்த நாள் கோபுரம், நடுவில் மச்சான் பிறந்தநாள் கேக். இதைப் பார்க்கிற புது ஆளுக்கு நீங்கள் யார், எதை எடுக்கிறவர் என்று ஒன்றும் பிடிபடாது. கூட்டம் சேராததற்குக் காரணம் எதை யாருக்குக் காட்டுவது என்று இன்ஸ்டா போடுகிற கணக்குதான் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். பாதிதான் உண்மை.

நீங்கள் அனுப்பியதில் ஒரு படம் மட்டும் என்னை நகர விடவில்லை. வீட்டு வாசல் வேப்பமரத்தில் நாரைக் கூடுகள், கீழே தரை முழுக்க எச்சம் விழுந்து சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, அதன் நடுவில் ஒரு ஆச்சி மேலே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பாத்திரம் கழுவுகிறார். பக்கத்தில் கவிழ்த்து வைத்த அண்டாவிலும் ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு நீங்கள் எழுதியிருந்தது ‘குட் மார்னிங்’. விழுந்த லைக் ஒன்பது. அடப்பாவி!

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பீரங்கி மாதிரி லென்ஸோடு வருகிறவர்கள் அரை நாள் இருந்து, நாரையையும் வரித்தலை வாத்தையும் நெருக்கமாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் படங்களோடு உங்கள் 70-300 லென்ஸ் போட்டி போட வேண்டாம், தோற்கும். அவர்களுக்கு வாய்க்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது, வருஷத்தில் 52 ஞாயிறு. 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, பின்னாளில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் ஏறிய குளம் அது. ஆனால் அரசாங்கம் வருவதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொண்டவர்கள், தீபாவளிக்கு வெடி போடாதவர்கள். அந்த ஊரும் பறவையும் சேர்ந்து வாழ்கிற வாழ்க்கையில் பன்னிரண்டு படம் எடுங்கள், ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும். வேறு எதையும் அந்தப் பக்கத்தில் போடாதீர்கள். கேக்குக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆச்சி மாதிரி ஆட்களை எடுத்தால், போடட்டுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அடுத்த வாரம் ஒரு பிரின்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த பிரின்ட் தெருவெல்லாம் சுற்றும். விளம்பரம் என்று நீங்கள் தேடுவது அதுதான்.

படத்துக்குக் கீழே எழுதுங்கள். என்ன பறவை, எந்த மாதம், குளத்தில் தண்ணீர் எவ்வளவு, என்ன செய்துகொண்டிருந்தது. நாலு வரி. மா. கிருஷ்ணன் என்று ஒரு காட்டுயிர்ப் படக்காரர் இருந்தார், நாவலாசிரியர் மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்தவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து ஒன்றைக் கட்டிக்கொண்டு கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். 1950-இலிருந்து 1996-இல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் விடாமல் பத்தி எழுதினார். அவர் படத்தில் பளபளப்பைத் தேடினால் கிடைக்காது. கண்டதை எழுத்தில் சொல்லத் தெரிந்ததால்தான் அவரை இன்றைக்கும் பேசுகிறோம்.

எங்கே போடுவது என்றால், தேடி வருகிறவர்கள் இருக்கிற இடத்தில். பார்த்த பறவைகளைப் பதிவு செய்கிற இபேர்டு தளத்தில் பறவைப் பட்டியலோடு படத்தையும் ஏற்றினால் அது கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே நூலகத்துக்குப் போகிறது, ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள், காப்புரிமை உங்களிடமே இருக்கிறது. 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 15 நிமிடம் நின்று எண்ணினாலே ஒரு பட்டியல் ஆகிவிடும். அதில் ரெண்டு வருஷம் கலந்துகொள்ளுங்கள், நெல்லைப் பக்கத்துப் பறவை ஆர்வலர்கள் அத்தனை பேருக்கும் உங்கள் பெயர் தெரிந்துவிடும். விக்கிப்பீடியாவுக்கான படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸிலும் ஏற்றலாம், தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் படம் வந்து நிற்கும். ஆனால் அங்கே கொடுத்தால் கொடுத்ததுதான், உங்கள் பெயரைப் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் வியாபாரத்துக்குக்கூடப் பயன்படுத்தலாம். அதனால் ஆச்சி படத்தை அங்கே ஏற்றாதீர்கள், நாரையை ஏற்றுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். ஊருக்குள் எல்லாரும் பார்க்கிற நாரைக் கூடு வேறு, புதருக்குள் ஒளிந்திருக்கிற கூடு வேறு. ஆந்தை கூடோ தேவாங்கோ கண்ணில் பட்டால் இடத்தை எழுதாதீர்கள். அடுத்த வாரமே பத்து பைக் போய் நிற்கும்.

கேள்வி: ஒரு ரிசார்ட்டிலிருந்து என் அருவிப் படத்தை அவர்கள் காலண்டருக்குக் கேட்கிறார்கள். காசு கிடையாதாம், ‘கிரெடிட் கொடுப்போம், உங்களுக்குத்தான் பப்ளிசிட்டி’ என்கிறார்கள். கொடுக்கலாமா?
– குற்றாலம் வாசகர்

பதில்: காலண்டருக்குக் காகிதம் விற்கிறவருக்கும் அச்சகத்துக்கும் இப்படித்தான் பப்ளிசிட்டி கொடுக்கிறார்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடம், நூலகம், பறவைச் சங்கம் கேட்டால் சும்மா கொடுங்கள், அது நம் சந்தோஷம். சம்பாதிக்கிறவர் கேட்டால் ஒரு தொகை சொல்லுங்கள், எந்த உபயோகம், எத்தனை காலம் என்று ஒரு மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 1957 காப்புரிமைச் சட்டப்படி நீங்களாக எடுத்த படம் எடுத்த நொடியே உங்களுடையது, எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை. உங்கள் ஆயுளுக்கும் அதற்கப்புறம் 60 வருஷத்துக்கும் உரிமை உண்டு. அதை ஒரு காலண்டருக்காகச் சும்மா விடுவானேன்.

கேள்வி: படங்களை வெளியே போட ஆரம்பித்ததிலிருந்து சொந்தத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் என்னையே கூப்பிடுகிறார்கள். ‘நீதான் பெரிய போட்டோகிராபர் ஆச்சே’ என்கிறார் சித்தப்பா. தப்பிக்க வழி உண்டா?
– விருதுநகர் வாசகி

பதில்: பெயர் வந்தால் இதுவும் கூடவே வரும். சித்தப்பாவிடம், “மேடைப் படத்துக்கு ஆள் வையுங்க, நான் சமையல் கட்டையும் பந்தியையும் பார்த்துக்கறேன்” என்று சொல்லிவிடுங்கள். கல்யாணத்தில் நல்ல படம் அங்கேதான் கிடைக்கும், சாம்பார் வாளியோடு ஓடுகிறவரை வாடகைக்கு வந்த கேமராமேன் எடுக்க மாட்டார். காசு வாங்கிக்கொண்டு எடுத்தால் மட்டும் கவனம்: வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அந்தப் படங்களின் உரிமை காசு கொடுத்தவருக்கு. சித்தப்பா காசு கொடுப்பாரா என்பது தனிக் கேள்வி.