பேத்திக்குக் கிராப் வெட்டிவிட்டாள் மருமகள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 64 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தனியாக இருக்கிறேன். மகனும் மருமகளும் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறார்கள், இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரே பேத்தி, ஏழு வயது. அவளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மருமகள் என்னைக் குழந்தையின் பக்கத்தில் விடுவதே இல்லை.

பேத்திக்கு இடுப்பு வரை முடி. போன மாதம் போய்ப் பார்த்தால் ஆண்பிள்ளை போலக் கிராப்! கேட்டால், "சீப்பு பட்டாலே கத்துகிறாள் அத்தை, தினமும் எதற்கு அழவிட வேண்டும்?" என்கிறாள். எந்தக் குழந்தைதான் தலை பின்னும்போது அழாது? என் மகன் வாயே திறப்பதில்லை. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் அழைத்துப் போகலாம், சாமியெல்லாம் கடலுக்கு வருவதைக் குழந்தை பார்க்கட்டும் என்றேன். மேளச் சத்தம் ஆகாதாம். கல்யாண வீட்டில் குழந்தையின் காதில் பெரிதாக ஒன்றை மாட்டிவிடுகிறாள். பார்க்கிறவர்கள் என்ன ஏது என்று என்னைத்தான் கேட்கிறார்கள். ஆசையாக அணைத்தால், "அவளிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள் அத்தை" என்கிறாள். சொந்தப் பேத்தியைத் தொட அனுமதி கேட்க வேண்டுமாம்.

கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள், அழுதால் செல்போனைக் கொடுத்தாள், பேச்சு எப்படி வரும் என்கிறார் என் நாத்தனார். "சாப்பிட்டாயா?" என்றால் குழந்தையும் "சாப்பிட்டாயா?" என்கிறது. நானாக மருமகளை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்கிறவர்கள் வாயை மூடவும் முடியாது. முதல் தடவை டாக்டரிடம் நானும் கூடப் போனேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். எங்கள் பக்கம் யாருக்கும் கிடையாது என்று நானே பதில் சொன்னேன். என் வீட்டுக்காரர் கொஞ்சம் தனிப்போக்கு. தீபாவளி வந்தால் வெடிச் சத்தம் தாங்காமல் வயல் பக்கம் மோட்டார் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொள்வார், சோற்றில் நாமாகக் குழம்பு ஊற்றிவிட்டால் தட்டைத் தொடமாட்டார். அது வேறு விஷயம். அவர் போய்ச் சேர்ந்தும் ஆறு வருடம் ஆகிறது.

இப்போது ஊனமுற்றோர் அட்டை வேறு வாங்கிவிட்டார்கள். பெண் குழந்தைக்கு இப்படி முத்திரை குத்தினால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்? அந்த முடியையாவது விட்டுவைத்திருக்கலாம். மருமகளுக்குப் புத்தி வருகிற மாதிரி நாலு வார்த்தை எழுதுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

அன்புள்ள அம்மா,

நாலு வார்த்தை எழுதுகிறேன், ஆனால் உங்கள் மருமகளுக்கு அல்ல.

முடியைப் பற்றித் தொடங்கி முடியிலேயே முடித்திருக்கிறீர்கள். நடுவில் உங்கள் கணவர் வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் கடந்துவிடுகிறார். எனக்கு அந்த இடம்தான் கடிதம். அது வேறு விஷயம் என்றால் டாக்டரின் கேள்வியைச் சொல்லும்போது மோட்டார் கொட்டகை ஏன் நினைவுக்கு வந்தது? பேத்தி காதைப் பொத்திக்கொள்ளும்போதெல்லாம் உங்களுக்கு அவர் முகம் தெரிகிறது என்றே நினைக்கிறேன். 'உங்கள் வம்சத்திலிருந்து வந்தது' என்று சம்பந்தி வீட்டார் சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் கூடவே வருகிறது.

இறந்துபோனவருக்கு நான் நோயின் பெயர் சூட்டமாட்டேன். வெடிச் சத்தம் தாங்காதவர்கள் எல்லாம் ஆட்டிசம் உள்ளவர்கள் அல்லர். ஆனால் ஆட்டிசத்தில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. 1977இல் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்விலேயே இது தெரிந்தது. ஒரு மரபணுவின் வேலை அல்ல, பல சேர்ந்து செய்வது. தந்தை வழியிலும் வரலாம், தாய் வழியிலும் வரலாம், சில குழந்தைகளிடம் புதிதாகவும் தோன்றலாம். தாத்தா வழியில் வந்திருந்தாலும் அதில் அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை.

குற்றவாளி ஒருவரை உங்கள் குடும்பம் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டது என்பதுதான் எனக்கு வருத்தம். லியோ கானர் என்ற மருத்துவர் 1943இல் ஆட்டிசத்தை விவரித்து எழுதினார். அதன் பிறகு பல ஆண்டுகள், தாயிடம் பாசம் இல்லாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று மெத்தப் படித்த மருத்துவர்களே பேசினார்கள். எத்தனையோ தாய்மார்களை அழவைத்த பிறகு அது பொய்யென்று தள்ளப்பட்டது. உங்கள் நாத்தனார் பேசுவது அதே பேச்சு. தாய் வேலைக்குப் போவதால் ஆட்டிசம் வராது. அவருக்கு அது தெரியாது. உங்களுக்கோ உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. இருந்தும் பழி மருமகள் தலையில் விழும்போது பேசாமல் இருந்தீர்கள். உங்களைக் குழந்தையின் அருகே விடவில்லை என்கிறீர்களே, அதற்கு இந்த மௌனமும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? எந்த டாக்டரும் இல்லை. பார்த்துப் பார்த்து நீங்களே கண்டுபிடித்தீர்கள். எந்த ஆண்பிள்ளைதான் வெடிக்குப் பயப்படுவான் என்று அவரைப் பிடித்து வாசலில் நிறுத்தினீர்களா? இன்று மருமகள் செய்வதும் அதுதான். சத்தத்தைக் குறைக்கக் காதில் மாட்டும் அந்தப் பொருள்தான் உங்கள் பேத்தியின் மோட்டார் கொட்டகை. அவள் அதைக் கல்யாண மண்டபத்துக்கே எடுத்து வந்துவிடுகிறாள். கணவருக்கு விட்டுக்கொடுத்ததைக் குழந்தைக்கு ஏன் மறுக்கிறீர்கள்?

முடி விஷயத்தில் நான் மருமகள் பக்கம். சாதாரணத் தொடுதலே சில குழந்தைகளுக்கு வலியாக இருக்கும், அது பிடிவாதம் அல்ல. அணைப்பும் அப்படித்தான். அவளாக வந்து மடியில் சாயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். "சாப்பிட்டாயா?" என்று அவள் திருப்பிச் சொல்வது பெரும்பாலும் பதில்தான், நீங்கள் "சாப்பிட்டேன்" என்று அவளுக்காகச் சொல்லிக் காட்டுங்கள்.

அடுத்த முறை லாஸ்பேட்டை போகும்போது மகனைத் தூது விடாமல், மருமகளிடம் தனியாக, மாமனாரைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லுங்கள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவர் கோபப்படலாம். படட்டும். டாக்டருக்கும் அந்தத் தகவல் தேவை.

அட்டை முத்திரை அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. உதவிகள் பெற அந்த அட்டை வேண்டும். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், அதற்கு விண்ணப்பித்தார்களா என்று கேளுங்கள். கல்யாணக் கவலைக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. குழந்தைக்கு ஏழு வயதுதான் ஆகிறது.