இரண்டு வயது தாண்டியும் பேசாத குழந்தைக்கு ஸ்பீச் தெரபி அசெஸ்மென்ட் தேவையா? அதில் என்னதான் பார்ப்பார்கள்?

மகனுக்கு இரண்டே கால் வயது, "அம்மா", "தா" தவிர வேறு வார்த்தை வரவில்லை, ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும், மூன்று வயது வரை பொறு என்று மாமியார் சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுக்க வேண்டாம். கூட்டிக்கொண்டு போங்கள். அவ்வளவுதான் என் பதில். ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை, தெரபிஸ்ட்டும் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கும் அம்மா. என் மகளை வைத்து நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். உங்கள் பிள்ளைக்கும் இதேதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் மகளுக்கும் இரண்டரை வயது வரை நாலைந்து சொல்தான். பெண் பிள்ளை என்பதால் எங்களுக்கு வேறு சமாதானம் சொன்னார்கள். அவள் அப்பாவும் மூன்று வயது முடிந்துதான் பேசினாராம். அதற்கு மேல் குமரகுருபரர். எங்கள் பக்கத்தில் பேசாத குழந்தையைப் பார்த்துவிட்டால் யாராவது அவர் பெயரை எடுத்தே தீருவார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து ஐந்து வயது வரை பேசாமல் இருந்தவர், திருச்செந்தூர் சன்னிதியில் வாய் திறந்து பாடினார் என்ற கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். நாங்களும் திருச்செந்தூர் போனோம். சீர்காழி பக்கத்தில் திருக்கோலக்காவுக்கும் போய் ஓசை கொடுத்த நாயகியிடம் வேண்டிக்கொண்டு வந்தோம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, இன்றும் போகிறேன். ஆனால் கோவிலுக்குப் போகிற அதே வாரத்தில் காது டெஸ்டுக்கும் போகலாம். எந்தச் சாமியும் அதைத் தடுக்கவில்லை.

மாமியார் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "எல்லாம் விளங்கத்தான் செய்யுது, வாய்தான் திறக்க மாட்டேங்கா." எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. நான் அடுப்படியில் இருந்தபடி கூப்பிட்டால் அவள் பெரும்பாலும் வர மாட்டாள். எதிரில் நின்று கையை நீட்டிக் கூப்பிட்டால் ஓடி வருவாள். இந்த வித்தியாசம் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டில் சொன்னால், "கதவு அடிச்சா திரும்புறாளே, காதுக்கு என்ன?" என்பார்கள்.

பொதுவாகச் சொல்கிற கணக்கு இது. ஒரு வயதுக்குள் பெயர் சொன்னால் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதுக்குள் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். இரண்டு வயதில் "பால் தா", "அப்பா வா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். குழந்தைக்குக் குழந்தை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்தான். ஆனால் உங்கள் மகன் சேர்த்துப் பேசவில்லை, தனிச் சொல்லும் இரண்டுதான். காட்டிவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நாங்கள் முதலில் போனது ஒரு தனியார் சென்டர். பெயர் வேண்டாம். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. ஒரு பெண் மேசை மேல் ஆங்கிலப் பட அட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டுக்கொண்டே போனார். ஸ்ட்ராபெர்ரி. இக்லூ. என் மகள் அதுவரை ஸ்ட்ராபெர்ரியைக் கண்ணால் கண்டதில்லை. முருங்கைக்காய் காட்டியிருந்தால் முகத்திலாவது ஏதாவது தெரிந்திருக்கும். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, வெளியே வந்து "ஆட்டிசம் மாதிரி இருக்கு, ஆறு மாசப் பேக்கேஜ், இன்னைக்கே கட்டினா தள்ளுபடி" என்றார்கள். காது டெஸ்ட் எடுத்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுத்தில் ரிப்போர்ட் கேட்டேன், பணம் கட்டிய பிறகுதான் தருவோம் என்றார்கள். போதாததற்கு, வீட்டில் இனிமேல் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பிவிடும் என்றும் அறிவுரை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை என்பது இன்று அந்தத் துறையில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விஷயம். பாட்டிக்குத் தெரியாத மொழியை வீட்டில் பேசச் சொன்னால், நாள் முழுக்கக் குழந்தையோடு இருக்கிற பாட்டியின் வாயைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடாதா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் என்ற வார்த்தை எனக்குக் கசந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். இருந்தால் சீக்கிரம் தெரிவதுதான் நல்லது. ஆனால் அதைப் பட அட்டையைக் காட்டிக் கால் மணி நேரத்தில் முடிவு செய்ய முடியாது. குழந்தை மருத்துவரும் உளவியலாளரும் பார்த்து, ஆட்டிசத்தை அளக்க இந்தியாவில் உருவாக்கிய ஐசா போன்ற முறையான அளவுகோலை வைத்துச் சொல்ல வேண்டிய விஷயம். தனியார் சென்டர் எல்லாமே மோசம் என்றும் நான் சொல்லவில்லை. பின்னால் தெரபிக்குப் போனது ஒரு தனியார் தெரபிஸ்ட்டிடம்தான், அருமையானவர்.

அப்புறம் எங்கள் அங்கன்வாடி டீச்சர்தான் வழி காட்டினார். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தில் மருத்துவக் குழு ஒன்று அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்கும். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு, அதாவது வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளைப் பார்க்கும் இடத்துக்கு, எழுதித் தருவார்கள். பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அந்த மையம் இருக்கும். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள். காசு கிடையாது. கூட்டம் உண்டு, காத்திருக்கத்தான் வேண்டும்.

அங்கே நடந்ததுதான் அசெஸ்மென்ட். முதலில் கேள்வி, நிறையக் கேள்வி. பிறந்ததும் அழுதாளா, எடை எவ்வளவு, மஞ்சள் காமாலைக்கு லைட் வைத்தார்களா, சொந்தத்தில் கல்யாணமா, எப்போது நடந்தாள், சளி அடிக்கடி பிடிக்குமா, காதில் சீழ் வந்ததா, கெட்டியான சாப்பாட்டை மெல்லுகிறாளா, எச்சில் ஒழுகுகிறதா, போன் எவ்வளவு நேரம் பார்க்கிறாள், பகலில் யார் கூட இருக்கிறாள். அங்கிருந்த தெரபிஸ்ட் வாய்க்குள் டார்ச் அடித்து நாக்கையும் அண்ணத்தையும் பார்த்தார். நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டினால் பேசிவிடுவாள் என்று ஊரில் சிலர் சொன்னதைக் கேட்டேன். நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகள் சரியாக வராமல் போகலாம், ஒரு குழந்தை பேசாமலே இருப்பதற்கு அது காரணமாகாது என்றார்.

பிறகு தரையில் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டார். சொப்புச் சாமான், பந்து, பொம்மை, சீப்பு, ஒரு சோப்புக் குமிழி பாட்டில். என்னைப் பக்கத்திலேயே இருக்கச் சொன்னார். "கையை மடியில வச்சுக்கோங்கம்மா, கண்ணாலயும் காட்டாதீங்க" என்றுவிட்டு, தானும் கையை அசைக்காமல் "பந்து எங்கே?" என்றார். மகள் அவர் முகத்தையே பார்த்தாள். "சீப்பு எடு" என்றார். அதற்கும் முகத்தைத்தான் பார்த்தாள். அடுத்து சீப்பைக் கையால் காட்டி அதையே சொன்னார். உடனே எடுத்துத் தலையை வாரினாள். எனக்கு இத்தனை மாதமாகச் சொல்லத் தெரியாமல் இருந்ததை அந்த ஒரு நிமிஷம் காட்டிவிட்டது. அவளுக்குப் புரிந்ததில் பெரும்பகுதி எங்கள் கையும் கண்ணும் சொன்னது. சொல் குறைவாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

குமிழி ஊதினார், மகள் குதித்துக் குதித்துப் பிடித்தாள். பாதியில் நிறுத்தி, மூடியை இறுக்கித் திருகி பாட்டிலை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். இவள் கொஞ்ச நேரம் திருகிப் பார்த்தாள். பிறகு பாட்டிலை அவரிடம் நீட்டி, அவர் கண்ணைப் பார்த்து "ஊ" என்றாள். அவர் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே, "நல்ல அறிகுறிம்மா, பொருளையும் பார்க்குறா, ஆளையும் பார்க்குறா, உதவி கேட்கத் தெரியுது" என்றார். மூடி திறக்க முடியாமல் செய்தது வேண்டுமென்றே. குழந்தை எப்படிக் கேட்கிறது என்று பார்க்கத்தான் அது.

அப்படியிருந்தும் காது டெஸ்ட் முடியாமல் எதுவும் எழுத மாட்டேன் என்று அன்றே கீழே அனுப்பினார். ஓ.ஏ.இ. என்பது காதில் சின்ன முனையை வைத்து எடுப்பது, வலி இல்லை, சீக்கிரம் முடிந்துவிடும். இரண்டு காதிலும் சரியாக வரவில்லை. செவிப்பறை அசைவைப் பார்க்கும் டெஸ்டில் நடுக்காதில் நீர் கோத்திருப்பது தெரிந்தது. பிறகு பெரா டெஸ்ட், சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகிறது என்று பார்ப்பது. அதற்குக் குழந்தை தூங்க வேண்டும். முந்தின இரவு நேரம் கழித்துத் தூங்க வைத்துக் கூட்டி வரச் சொல்வார்கள், தேவைப்பட்டால் டாக்டர் சொல்லும் அளவில் தூக்க மருந்து தருவார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி எடுப்பார்கள். லேசான கேட்புக் குறைவு என்று வந்தது. கதவு அடிக்கிற சத்தம் கேட்கும், தள்ளி நின்று மெதுவாகப் பேசினால் பாதி போய்விடும். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் ஏன் வரவில்லை என்பது அன்றைக்குப் புரிந்தது. ஈ.என்.டி. டாக்டர் மூன்று மாதம் கவனித்துப் பார்க்கலாம் என்றார், அதற்குள் நீர் வற்றிவிட்டது. காது ஒரு காரணம், அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்றும் தெரபிஸ்ட் சொன்னார். அதனால் தெரபியும் தொடர்ந்தது.

ரிப்போர்ட்டில் புரிதல் 20–22 மாதம், வெளிப்பாடு 12–14 மாதம் என்று எழுதியிருந்தது. அதாவது சொன்னதைப் புரிந்துகொள்வது 20–22 மாதக் குழந்தை அளவில், தானாகச் சொல்வது 12–14 மாதக் குழந்தை அளவில். முப்பது மாதம் தாண்டிய குழந்தைக்கு. பார்த்ததும் அழுகை வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த இரண்டு எண்ணும்தான் தெரபி எங்கே தொடங்க வேண்டும் என்று சொன்னது. சொல்லச் சொல்லி வற்புறுத்தாமல், முதலில் சொல்லைப் புரிய வைக்கிற வேலை. உங்களுக்கு ரிப்போர்ட் தரும்போது இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். "பேச்சுத் தாமதம்" என்று ஒற்றை வரியில் எழுதித் தந்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

எங்கள் பையன் ஒரு தெரபியும் இல்லாமல் தானாகப் பேசினான் என்று கீழே எழுத வருவார்கள். உண்மைதான், தாமதமாகப் பேசும் குழந்தைகளில் நிறையப் பேர் தானாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். அதிலும் புரிதல் நன்றாக இருந்து பேச்சு மட்டும் பின்தங்கிய குழந்தைகளுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் உங்கள் குழந்தை அந்தக் கூட்டத்தில் ஒருவனா என்று வீட்டில் உட்கார்ந்தபடி யார் சொல்ல முடியும்? பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்றால் சந்தோஷம்தானே. பிறவியிலேயே காது கேட்காத குழந்தை என்றால் ஒவ்வொரு மாதமும் முக்கியம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேட்க உள்ளே கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையே ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அடக்க முடியவில்லை. தெரபி போய்க்கொண்டிருந்தபோது எல்.கே.ஜி. சேர்க்கைக்கு ஒரு பள்ளிக்குப் போனோம். மூன்றரை வயதுக் குழந்தையை நிற்க வைத்துப் பெயர் கேட்டார்கள், கலர் கேட்டார்கள். அந்நிய முகங்களைப் பார்த்து அவள் என் சேலைக்குள் ஒளிந்தாள். "நல்லா பேச ஆரம்பிச்ச பிறகு கூட்டிட்டு வாங்க" என்று விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார்கள். எங்கள் படிப்பையும் சம்பளத்தையும் மட்டும் விடாமல் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். சேர்க்கைக்காகக் குழந்தைகளை வடிகட்டக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. எல்.கே.ஜி.க்கு அது பொருந்தாது என்று வாதாடுவார்கள், வாதாடட்டும். மற்ற குழந்தைகளோடு இருந்தால்தான் பேச்சு வளரும் என்று தெரபிஸ்ட் சொல்கிறார், பேச்சு வளர்ந்தால்தான் மற்ற குழந்தைகளோடு விடுவோம் என்று பள்ளி சொல்கிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அங்கன்வாடிதான் அவளை மறு கேள்வி கேட்காமல் வைத்துக்கொண்டது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். மகன் வீட்டில் எப்படிக் கேட்கிறான், எப்படி விளையாடுகிறான் என்று போனில் இரண்டு மூன்று வீடியோ எடுத்து வையுங்கள், புது இடத்தில் பிள்ளைகள் வாயே திறக்காது. அவன் சொல்கிற சத்தங்களையும் எழுதி வையுங்கள். நாய்க்கு எப்போதும் "பௌ" என்றால் அதையும் ஒரு சொல்லாகவே எடுத்துக்கொள்வார்கள். மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள். பகலெல்லாம் பார்த்துக்கொள்வது அவர் என்றால் பாதிக் கேள்விக்கு அவருக்குத்தான் பதில் தெரியும், எதிரில் உட்கார்ந்து பார்த்தால் வீட்டு விவாதமும் குறையும். எங்கள் வீட்டில் அப்படித்தான் குறைந்தது.

தனியாரிடம் போவதானால் அவர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள், பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. பி.ஏ.எஸ்.எல்.பி. என்பது பேச்சு, கேட்பு சம்பந்தமான நான்கு வருடப் படிப்பு, அதைப் படித்தவரா என்றும் பாருங்கள். சென்னைப் பக்கம் இருந்தால் முட்டுக்காட்டில் நீப்மெட் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம்.

என் மகள் இப்போது யு.கே.ஜி. வாய் ஓயாமல் பேசுகிறாள். "ர" இன்னும் "ல"வாகத்தான் வருகிறது, அதற்கு இன்னும் வயது இருக்கிறது என்கிறார் தெரபிஸ்ட். எல்லாக் குழந்தைக்கும் இதே மாதிரி நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

முதலில் காது டெஸ்ட். அதை மட்டுமாவது இந்த வாரம் முடித்துவிடுங்கள். ஓ.பி.க்குக் காலையிலேயே போய்விடுங்கள், பிள்ளைக்குச் சாப்பாடும் மாற்றுத் துணியும் கையில் இருக்கட்டும். ரிப்போர்ட் வந்த பிறகு அதில் ஏதாவது புரியவில்லை என்றால் இங்கேயே எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.