பார்க்கிங் தூணில் இடித்து பம்பர் அமுங்கிவிட்டது, வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

தாராளமாக முடியும், பம்பர் கிழியாமல் அமுங்கி மட்டும் இருந்தால். இப்போதைய கார்களில் பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், சூடுபட்டால் இளகும். நன்றாகக் கொதித்த தண்ணீரைப் பள்ளத்தின் மேலும் சுற்றியும் நிதானமாக ஊற்றுங்கள், உடனே தடிமனான கையுறை போட்ட கையைப் பம்பருக்குப் பின்னால் கீழ்வழியாக விட்டு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உள்ளங்கையால் தள்ளுங்கள். 'டப்' என்று வெளியே வரும். ஒரே முறையில் வராவிட்டால் மறுபடி ஊற்றுங்கள், சுத்தியல் மட்டும் வேண்டாம். வந்ததும் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அப்படியே இறுகிவிடும்.

அப்புறம் கீறல். நகத்தை அதன் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் மேல்பூச்சு மட்டும்தான் உரசியிருக்கிறது, ரப்பிங் காம்பவுண்டை (பெயின்டை மெருகேற்றும் பசை) துணியில் தொட்டுத் தேய்த்தாலே போதும். மாட்டினால் டச்சப் பெயின்ட் வாங்க வேண்டும், வெள்ளையிலேயே பல வெள்ளை உண்டு, அதனால் காரில் இருக்கும் கலர் கோடை, அதாவது நிறத்தின் குறியீட்டு எண்ணை, பார்த்து வாங்குங்கள். கதவு, பானெட் போன்ற இடங்களில் தகடு தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள், சீக்கிரமே துரு ஏறிவிடும், முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சு வையுங்கள்.

ஹெட்லைட் ஆடினாலோ, பானெட் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டாலோ தயவுசெய்து ஒர்க்‌ஷாப்புக்கே போங்கள். சின்ன வேலைக்கு இன்சூரன்ஸ் கிளைம் செய்யும் முன், அதனால் இழக்கப்போகும் நோ கிளைம் போனஸையும் பாருங்கள்: ஐந்து வருடம் கிளைம் இல்லாதவருக்கு அது சொந்தச் சேதப் பிரீமியத்தில் (உங்கள் காருக்கு வரும் சேதத்துக்காகக் கட்டும் பகுதி) 50% தள்ளுபடி.