புதுக் கணினிக்கு கேமும் சேவும் (ஆட்டம் எதுவரை வந்தது என்ற பதிவு) மாற்றுவது: கேள்வி பதில்

கேம் வாங்கி இறக்கும் ஸ்டீம் மென்பொருளில் 400 ஜிபி கேம் இருக்கிறது அண்ணா. எல்லாவற்றையும் மறுபடி டவுன்லோட் செய்யணுமா?

வேண்டாம் தம்பி. பழைய கணினியின் 'ஸ்டீம்ஆப்ஸ்' ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுங்கள். பலர் உள்ளே இருக்கும் 'காமன்' ஃபோல்டரை மட்டும் எடுத்துவிட்டு முழிக்கிறார்கள். அதற்கு வெளியே 'ஆப்மேனிஃபெஸ்ட்' என்று தொடங்கும் சின்னச் சின்ன ஃபைல்கள் இருக்கும். எந்த கேம் இருக்கிறது என்று ஸ்டீம் அவற்றை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. புதியதில் ஸ்டீமைப் போட்டு, மூடிவிட்டு, அதன் ஃபோல்டருக்குள் வையுங்கள். அப்புறம் ஃபைல்களைச் சரிபார்க்கச் சொன்னால் குறைவது மட்டும் இறங்கும். பழைய டிரைவை இப்போதைக்கு ஃபார்மேட் செய்யாதீர்கள்.

டெஸ்க்டாப் ஐகானைக் காப்பி செய்தேன், கேம் ஓடவில்லை.

அது வெறும் ஷார்ட்கட். கேம் இன்னும் பழைய கணினியில்தான் இருக்கிறது.

ஸ்டீம் மாதிரியே இருக்கும் எபிக் கேம்ஸ் லாஞ்சரில்?

புதியதில் இன்ஸ்டால் தொடங்கி, கொஞ்சம் இறங்கியதும் நிறுத்தி, லாஞ்சரை மூடுங்கள். பழைய கேம் ஃபோல்டரைப் புதிய கேம் ஃபோல்டர்மேல் காப்பி செய்து, லாஞ்சரைத் திறந்து இன்ஸ்டாலைத் தொடருங்கள்.

சேவ் ஃபைலை நெட்டில் ஏற்றிவைக்கும் கிளவுட் இருக்கும்போது அதைக் கையால் எடுப்பது வீண் வேலை இல்லையா?

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எல்லா கேமுக்கும் கிளவுட் கிடையாது. மைன்கிராஃப்ட் ஜாவாவில் நீங்கள் கட்டிய உலகம் விண்டோஸின் ஆப்டேட்டா ஃபோல்டரில், ரோமிங்கில் '.மைன்கிராஃப்ட்' உள்ளே 'சேவ்ஸ்' ஃபோல்டரில் மட்டும்தான் இருக்கிறது. கிளவுட் இருந்தாலும் அது கண்ணாடி மாதிரி: இங்கே அழிந்தால் அங்கேயும் அழியலாம். அறுபது மணி நேரம் ஆடிய ஒரு சேவ் எனக்கு அப்படித்தான் போனது. புதுக் கணினியில் அவசரமாக கேமைத் திறந்தேன், புது ஆட்டம் தொடங்கியது. 'இந்தக் கணினியில் உள்ளதா, கிளவுடில் உள்ளதா' என்ற பெட்டி வந்தது. தேதி புதிதாக இருந்ததை அமுக்கினேன். பத்து நிமிஷ ஆட்டம் மேலே ஏறிப் பழையதை மூடிவிட்டது. பழைய டிரைவையும் அதற்குள் ஃபார்மேட் செய்திருந்தேன். கேமை எத்தனை தடவை வேண்டுமானாலும் இறக்கலாம், போன சேவ் ஃபைலை மறுபடி இறக்க முடியாது.

ஆனால் ஐந்து வருஷமாக எனக்கு ஒன்றும் ஆகவில்லையே?

நல்லது. இருந்தாலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

சேவ் எங்கே இருக்கும்?

டாக்குமென்ட்ஸில் 'மை கேம்ஸ்', உங்கள் யூசர் ஃபோல்டரில் 'சேவ்டு கேம்ஸ்', ஆப்டேட்டாவின் லோக்கல், லோக்கல்லோ, ரோமிங். ஆப்டேட்டா மறைந்திருக்கும், எக்ஸ்ப்ளோரரில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். கேம்வாரியாக இடம் வேண்டுமென்றால் பிசிகேமிங்விக்கி இணையதளத்தைப் பாருங்கள். எல்லா சேவ் ஃபைலையும் மொத்தமாக எடுக்க லூடுசாவி என்ற இலவச மென்பொருள் உண்டு.

ஸ்டீம் கேமை மறுபடி டவுன்லோட் செய்யணுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

பழைய டிரைவை எப்போது ஃபார்மேட் செய்யலாம்?

புதியதில் ஒவ்வொரு சேவ் ஃபைலையும் திறந்து, உள்ளே நடந்து பார்த்த பிறகு.