குரல் நடிகையாகத் துடிக்கும் அனிமே கதாபாத்திரங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார், ஏன்?

யோசிக்கவே தேவையில்லை, ‘ஷிரோபாகோ’வில் வரும் ஷிஸுகா சகாகிதான். (கதையின் முடிவையும் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

2014 அக்டோபரில் தொடங்கி 24 எபிசோடுகள் வந்த தொடர். அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், எப்படித் தயாராகிறது என்பதைப் பற்றியே ஒரு அனிமே. பள்ளிக்கூட அனிமேஷன் கிளப்பில் இருந்த ஐந்து தோழிகள், டோனட்டை உயர்த்திப் பிடித்து, ஒருநாள் சேர்ந்து படம் எடுப்போம் என்று சபதம் போடுகிறார்கள். ஆவோய் ஒரு அனிமே ஸ்டுடியோவில் தயாரிப்பு வேலைக்குப் போகிறாள், எமா வரைகிறாள், மிசாவுக்கு கிராஃபிக்ஸ் கம்பெனியில் வேலை. ஷிஸுகா மட்டும் இசகாயா ஒன்றில், அதாவது சாப்பாடும் மதுவும் கிடைக்கும் சின்னக் கடையில், பகுதிநேர வேலை பார்க்கிறாள். தோழிகள் கூடுவதும் அங்கேதான். அவர்கள் ஆபீஸ் கதை பேசுவார்கள், இவள் தட்டு எடுத்து வைப்பாள். முகத்தில் எப்போதும் சிரிப்பு.

குரல் நடிகர்களுக்கு வேலை பிடித்துத் தரும் ஏஜென்சியில் சேர்ந்திருக்கிறாள்தான். கிடைப்பதெல்லாம் கும்பல் சத்தத்தில் ஒரு குரல். ஜப்பானில் ஜூனியர் நிலையில் இருப்பவருக்கு அரைமணி நேர எபிசோடுக்கு 15,000 யென். ஒரு வரி பேசினாலும் நூறு வரி பேசினாலும் அதே தொகை, அதிலும் ஏஜென்சி பங்கு போய்விடும். அப்புறம் தட்டு எடுக்காமல் என்ன செய்வாள்?

குரல் தேர்வுக் கூட்டம் நடக்கும் எபிசோடைக் கட்டாயம் பாருங்கள். ஒருவருக்குப் பிரபலமான பெயர் வேண்டும், இன்னொருவருக்கு முகம் வேண்டும், மூன்றாமவருக்குப் பாட்டு வேண்டும். நடிப்பைப் பற்றிப் பேச ஆளே இல்லை, ஒலி இயக்குநர் கடைசியில் வெடித்தே விடுகிறார். சிரிக்கச் சிரிக்க எடுத்திருக்கிறார்கள். ஷிஸுகாவை நினைத்தால்தான் சிரிப்பு வர மாட்டேன் என்கிறது.

எழுத்தாளர்கள் சுலபமான வழியில் போயிருக்கலாம். உயிர்த்தோழி ஸ்டுடியோவுக்குள்ளேயே இருக்கிறாளே, ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? ஷிஸுகா கேட்பதில்லை, ஆவோயும் சிபாரிசு செய்வதில்லை. கதையைத் தூக்கி நிறுத்துவதே இதுதான் என்பேன்.

கடைசியில் வாய்ப்பு வருவதும் ஒரு குழப்பத்தால்தான். ஸ்டுடியோ எடுக்கும் தொடரின் இறுதி எபிசோடை மூலக்கதை ஆசிரியர் ஏற்க மறுக்கிறார். இயக்குநர் நேரில் போய்ப் பேசியதில் லூசி என்றொரு புதுப் பாத்திரம் பிறக்கிறது. அந்தக் குரல் ஷிஸுகாவுக்கு. பேசுவது கொஞ்சம்தான், கனவுக்குச் சற்றுப் பக்கத்தில் வந்துவிட்டேன் என்பதாக ஒரு வசனம். ஆவோய் உடைந்து அழுகிறாள். ஷிஸுகாவுக்குக் குரல் கொடுத்த ஹருகா சிசுகாவும் அப்போது துறைக்குப் புதியவர்தான், அந்த வரியில் அது கேட்கிறது.

2020இல் வந்த திரைப்படத்திலும் ஷிஸுகாவுக்கு எல்லாம் கைகூடிவிடவில்லை. டிவியில் முகம் காட்டும் வேலை கிடைக்கிறது, ஆனால் அவள் கேட்டது அதுவா? அப்படி விட்டதுதான் சரி.