பாண் கொண்டு போன பெண்கள்: அமெரிக்கப் பழைமைவாதிகள் பற்றிய கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்கு, உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் பதிலளிக்கிறார். இம்முறை எடுத்துக்கொண்ட பொருள், அமெரிக்கப் பழைமைவாதிகள் ஊர் மட்டத்தில் திரண்டு கட்சியையும் சட்டத்தையும் அசைத்த விதம்.

களுவாஞ்சிக்குடி, உயர்தர மாணவி: சேர், இல்லத்தரசிகள் சேர்ந்து அமெரிக்க அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றையே தடுத்தார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். நம்ப முடியவில்லை.

நம்பலாம், மகள். ஆனால் தலைமை தாங்கிய பிலிஸ் ஷ்லாஃப்லியை வெறும் இல்லத்தரசி என்று எண்ணிவிட வேண்டாம். ஆறு பிள்ளைகளின் தாய்தான். அதோடு 1952இலும் 1970இலும் காங்கிரஸுக்குப் போட்டியிட்டுத் தோற்றவர், 1967 முதல் சொந்தமாக மாதச் செய்திமடல் நடத்தியவர். எந்த ஊரில் யாரை நம்பலாம் என்பது அவருடைய சந்தாதாரர் பட்டியலிலேயே இருந்தது.

ஆண் பெண் சமவுரிமைத் திருத்தம் 1972 மார்ச்சில் செனட்டில் 84க்கு 8 என்ற வாக்குகளால் நிறைவேறியது. ஜனாதிபதி நிக்சன் ஆதரித்தார். அவருடைய குடியரசுக் கட்சியே 1940 முதல் தன் கொள்கை அறிக்கையில் அதற்கு இடம் கொடுத்திருந்தது. இனி 50 மாநிலங்களில் 38 ஏற்க வேண்டும்; 1973 முடிவதற்குள் 30 ஏற்றுவிட்டன. ஆதரவாளர்கள் வெற்றி கைக்கு வந்துவிட்டதாகவே எண்ணினார்கள்.

ஷ்லாஃப்லி வாஷிங்டனில் நேரத்தை வீணாக்கவில்லை. எஞ்சிய மாநிலங்களின் சட்டசபைகளுக்குப் போனார். இலினோயில் பெண்கள் வீட்டில் சுட்ட பாணும் ஜாமும் கொண்டுபோய் உறுப்பினர்களின் கையில் கொடுத்தார்கள். கத்தோலிக்கர், சுவிசேஷ சபையினர், மோர்மன்கள் என்று அதுவரை ஒரே மேசையில் அமராதவர்கள் ஒன்றாக பஸ் ஏறினார்கள். திருத்தம் நிறைவேறினால் பெண்களையும் கட்டாய இராணுவத்துக்கு எடுப்பார்கள், கணவன் மனைவியைப் பராமரிக்கும் கடமை போய்விடும் என்பவை அவர்களின் வாதங்கள். வியட்நாம் போர் நடந்த காலம். முதல் வாதம் தாய்மாரின் அடிவயிற்றைத் தொட்டது. இரண்டாவதில் மிகைதான் அதிகம் என்பது என் கணிப்பு.

ஏற்ற மாநிலங்கள் 1977இல் 35 ஆனதோடு சரி. அவற்றிலும் சில தம் ஒப்புதலை மீளப்பெற்றன. 1982 ஜூன் 30இல் காலக்கெடு முடிந்தது. அதற்கு முன்பே, 1980இல், குடியரசுக் கட்சி நாற்பது ஆண்டு ஆதரவைத் தன் அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டது. திருத்தம் தோற்றதைவிட இதையே நான் பெரிய மாற்றமாகக் கருதுகிறேன். ஒரு கட்சியின் உள்ளமே மாறியது.

திருக்கோவில், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்: 1964 ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சியின் பழைமைவாத வேட்பாளர் கோல்ட்வாட்டர் படுதோல்வி அடைந்தவர். அவரை ஏன் இவர்கள் கொண்டாடுகிறார்கள்?

ஆறு மாநிலங்களில்தான் வென்றார். ஆனால் வீடு வீடாகப் போன தொண்டர்கள் தேர்தலுக்குப் பின் கலைந்துபோகவில்லை. அவருக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களை ரிச்சர்ட் விகரி என்பவர் கையால் பிரதி எடுத்து, தபால் மூலம் நிதி திரட்டும் தொழிலையே கட்டியெழுப்பினார். 1980இல் ரீகன் வென்றபோது அந்தத் தொண்டர்களில் பலர் களத்தில் இருந்தார்கள்.

காத்தான்குடி, வியாபாரி: அரச செலவுக்கும் வரிக்கும் எதிராக 2009இல் கிளம்பிய தேநீர் விருந்து (Tea Party) இயக்கம் கோடீஸ்வரர்கள் பணம் கொடுத்து நடத்திய நாடகம் என்கிறார்களே?

பாதி உண்மை. கோடீஸ்வரத் தொழிலதிபர்களான கோக் சகோதரர்களின் பணம் பெற்ற அமைப்புகள் பயிற்சியும் மேடையும் கொடுத்தன. ஆயினும் பணம் வாடகைக்கு பஸ் பிடிக்கும். மாதா மாதம் நூலக மண்டபத்தில் கூடி உள்ளூர் வரவுசெலவைப் படிக்கும் ஓய்வூதியக்காரரை அது உருவாக்காது. அத்தகைய ஊர்க் குழுக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. 2010 தேர்தலில் குடியரசுக் கட்சி கீழ்ச்சபையில் 63 ஆசனங்களைக் கூடுதலாகப் பெற்றதில் அவற்றின் பங்கு பெரிது.

அக்கரைப்பற்று, சட்ட மாணவர்: அதே வழியில் நம் மாவட்டத்திலும் ஒரு கட்சியை மக்கள் திருப்ப முடியுமா?

இன்றைய முறையில் மிகக் கடினம். காரணம் நம் மக்களின் அக்கறையின்மை என்று சிலர் சொல்வார்கள், நான் ஏற்கமாட்டேன். வாசல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளரை வாக்காளரே முதல்நிலைத் தேர்தலில் தெரிவு செய்கிறார்கள். 2014 ஜூன் 10இல் வேர்ஜீனியாவில் நடந்த குடியரசுக் கட்சியின் அத்தகைய தேர்தலில், கீழ்ச்சபையின் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேன்ட்டரை டேவ் பிராட் என்ற பொருளியல் பேராசிரியர் தோற்கடித்தார். கேன்ட்டர் செலவிட்டது பல மில்லியன் டொலர், பிராட் செலவிட்டது அதில் சிறு துளி. வாக்களித்தவர்கள் சுமார் 65,000 பேர் மட்டுமே. கூட்டம் சிறிதாக இருந்தால் பிடிவாதக்காரன் வெல்வான். அதற்குப் பின் மற்ற உறுப்பினர்கள் யாருக்குப் பயந்திருப்பார்கள்?

இங்கே வேட்புமனுவில் கையொப்பமிடுபவர் கட்சிச் செயலாளர். மட்டக்களப்புக்கு ஐந்து, திகாமடுல்ல எனப்படும் அம்பாறைக்கு ஏழு ஆசனங்கள். அந்தப் பட்டியல்களில் யார் இருப்பது என்பதில் ஊருக்கு நேரடி வாக்கு இல்லை. நமக்குக் கிடைப்பது மூன்று விருப்பு வாக்குகள். கட்சி விலக்கினால் உறுப்பினர் ஆசனத்தையும் இழக்கலாம். ஆகவே அவர் பயப்படுவது செயலாளருக்கு. நம் ஊர்களின் எழுச்சி உண்ணாவிரதமாகவும் மகஜராகவும் வெளியிலேயே நின்றுவிடுவது இதனால்தான்.

சம்மாந்துறை, பெண் வாசகர்: முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத் திருத்தம் இழுபடுவதும் இதே வகைப் பழைமைவாத அழுத்தம்தானா?

ஒற்றுமை உண்டு. 1995இல் ஏனையோருக்குத் திருமண வயது 18 ஆனபோது 1951ஆம் ஆண்டின் இச்சட்டம் தொடப்படவில்லை. 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. அதுவும் இரு வேறு பரிந்துரைத் தொகுதிகளோடு. உலமாக்கள் தரப்பின் எதிர்ப்புக்கு ஊர்தோறும் பள்ளிவாசல் வலையமைப்பு துணை நின்றது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: திருத்தம் கேட்டுப் பேசிய பெண்களும் மட்டக்களப்பு, புத்தளம் போன்ற ஊர்களிலிருந்தே கிளம்பினார்கள். ஊர் மட்டம் என்றாலே பழைமைவாதம் என்று கொள்ள வேண்டாம்.

வாழைச்சேனை, மீன் வியாபாரி: ஐயா, இவர்கள் தோற்றதே இல்லையா?

நிறையத் தோற்றிருக்கிறார்கள். 2010இல் டெலவெயாரில் வெல்லக்கூடிய மைக் காசிலை விலக்கி கிறிஸ்டின் ஓடொனலை நிறுத்தினார்கள். கைக்கு வரவிருந்த செனட் ஆசனம் போய்விட்டது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை இரத்துச் செய்தது. அரை நூற்றாண்டு ஊர்வலங்களின் வெற்றி அது. இரண்டு மாதத்துக்குள், பழைமைவாதக் கோட்டையான கன்சாஸின் வாக்காளரே கருக்கலைப்பு உரிமையைப் பறிக்கும் திருத்தத்தைச் சுமார் 59 வீதத்தால் நிராகரித்தார்கள்.

ஆரையம்பதி, இளைஞர்: நான் எந்தக் கட்சியிலும் இல்லை. எங்கே தொடங்கலாம்?

வட்டாரத்தில். உள்ளூராட்சி சபைகளில் 60 வீத ஆசனங்கள் இப்போது வட்டாரங்களுக்கு உரியவை. சில நூறு வாக்குகள் முடிவை மாற்றும். பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் உண்டு, உங்கள் அக்காவிடமும் சொல்லுங்கள். சுயேச்சைக் குழுவாகவும் நிற்கலாம். செயலாளரின் கையொப்பம் தேவையில்லை. அதற்கு முன் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். அமெரிக்கப் பழைமைவாதிகள் 2021 முதல் பாடசாலைச் சபைத் தேர்தல்களில் குறியாக இருப்பது ஏன் என்பது அங்கே விளங்கிவிடும்.