உறுமிக்கு மேடை உண்டா?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். போன மாதம் கோலாலம்பூரில் நடந்த தமிழ்க் கிறிஸ்தவ இசை விழாவில் உங்களைப் பார்த்தேன். பேச வந்தேன், கூட்டத்தில் முடியவில்லை. நாங்கள் பட்டர்வொர்த்திலிருந்து சபை பஸ்ஸில் வந்திருந்தோம். என் கணவர் எங்கள் சபைப் பாடகர் குழுவில் இருக்கிறார். மூத்த மகனுக்குப் பதினேழு வயது. வரமாட்டேன் என்றவனை இழுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு பாட்டு முடிந்ததும் போனை எடுத்தவன் கீழே வைக்கவே இல்லை. சுற்றிலும் பார்த்தால் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், இல்லையென்றால் என் அம்மா வயதுக்காரர்கள்.

இவனுக்கு இசை பிடிக்காது என்றில்லை. பள்ளி நண்பர்களோடு சேர்ந்து ஓர் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறான். அது சபையில் தெரிந்து, போதகர் வீட்டுக்கு வந்தார். கோபப்படவில்லை. "அது கோயில் கொட்டு, நமக்கு வேண்டாம் தம்பி" என்று அன்பாகச் சொல்லி, ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

இன்னும் பத்து வருஷத்தில் இந்த மாதிரி விழாக்கள் இருக்குமா? இருக்க வேண்டுமென்றால் என்ன செய்யலாம்? நீங்கள் கிறிஸ்தவர் இல்லை, வெளியிலிருந்து பார்த்ததைச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் மகனைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போகலாமா?

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகி (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரி,

பேசியிருக்கலாம். இடைவேளை முழுக்க வாசலில் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடித்துக்கொண்டு சும்மாதான் நின்றேன்.

நான் அங்கே வந்தது கீர்த்தனை கேட்க. மொத்த நிகழ்ச்சியில் இரண்டே கீர்த்தனைதான் கிடைத்தது. மிச்சமெல்லாம் சிட்னியிலோ அமெரிக்காவிலோ பிறந்து சென்னை வழியாக நமக்கு வந்த பாணி. அந்தப் பாணியில் தவறொன்றும் இல்லை. ஆனால் அது ஒரு நல்ல குரல் மேடையில் பாட, மற்றவர்கள் கேட்பதற்கென்று அமைந்தது. முதல் சரணம் கீழே முணுமுணுக்கும், பல்லவி ஒரு ஸ்தாயி மேலே தாவும். மேடையில் இருப்பவருக்கு எட்டுகிற சுருதி என்னைப் போன்றவர்களின் தொண்டைக்கு எட்டாது. அதனால் மூன்றாவது பாட்டில் கூட்டம் வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் உயர்த்தியது. ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பாடுகிறாரா இல்லையா என்பதே தெரியவில்லை. அந்த இரண்டு கீர்த்தனைகள் வந்தபோது நிலைமை வேறு. திரையைப் பார்க்காமலேயே பாட்டிமார் பாடினார்கள். உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்தில் வரிகளைப் போட்டிருந்தார்கள், நல்ல காரியம். தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளைகளை நினைவில் வைத்துச் செய்த ஒரே ஏற்பாடு அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் நடுவில் அந்தச் செய்தி. இசை விழா என்று டிக்கெட் விற்றுவிட்டு முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தால் அது கன்வென்ஷன். கன்வென்ஷனும் தேவைதான், அதற்கு அந்தப் பெயரையே போடலாம்.

சரி, உறுமிக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

"அது கோயில் கொட்டு" என்று போதகர் சொன்னது பொய்யில்லை. பத்துமலையிலும் பினாங்குத் தண்ணீர்மலையிலும் காவடிக்கு முன்னால் போவது அதுதான். வளைந்த குச்சியால் அதன் தோலைத் தேய்த்து எழுப்பும் முனகலில் சாமி வந்து ஆடுகிறவர்களை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த உலகத்தை விட்டு வந்த ஒருவருக்கு ஆராதனையில் அதே ஒலி கேட்டால் வயிற்றைக் கலக்கும். அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் கோயிலில் இருந்தது என்பதே விலக்கக் காரணம் என்றால், பாட்டிமார் பாடிய கீர்த்தனையையும் சேர்த்துத்தான் விலக்க வேண்டியிருக்கும்.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சியைக் கையில் எடுத்தபோது அது யாருடையது? குற்றாலநாதருக்கும் தஞ்சை மன்னர்களுக்கும் பாடி ஆடிய வடிவம். அதை எடுத்து பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அவரை வளர்த்த ஷ்வார்ட்ஸ் பாதிரியார் 1798-இல் மறைந்தார். பின்னால் வந்த இளைய மிஷனரிகளுக்குத் தேவாலயத்தில் தமிழ்க் கீர்த்தனை பாடுவது பிடிக்கவில்லை, தடுத்தார்கள். சாஸ்திரியார் எழுதி எழுதிச் சண்டை போட்டார். 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் அவருடைய பாடல்களையும் சேர்த்து ஒரு கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டார். ஒரு மிஷனரி தடுத்ததை இன்னொரு மிஷனரி அச்சிலேற்றினார். இன்று அதற்குப் பெயர் பாரம்பரியம்.

இதில் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. அதே இளைய மிஷனரிகள் சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்கவும் முயன்றார்கள். சாஸ்திரியார் அதையும் எதிர்த்தார். இந்தக் கணக்கு ரொம்ப நாள் தீரவில்லை. தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை அண்ணன்' என்று எல்லோரும் கூப்பிட்டவர், கர்நாடகக் கீர்த்தனை மேல்சாதிக்காரரின் இசை என்றார். கிராமத்துச் சனங்களின் மெட்டில், அவர்கள் பேச்சில், முழு வழிபாட்டையே எழுதிப் பாடவைத்தார். அவர் 2005-இல் காலமானார். அவருடைய பாட்டைக் கேட்டு முகம் சுளித்த சபைகளும் உண்டு, ஏனென்றால் அந்த மெட்டு எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். இங்குள்ள தமிழ்ச் சபைகளில் எத்தனையோ குடும்பங்கள் ரப்பர் தோட்டத்து லயங்களிலிருந்து பட்டணத்துக்கு வந்தவை. படித்து, வேலை கிடைத்து, தோட்டத்தை விட்டதோடு அந்த மேளத்தையும் விட்டுவிட்டோம் என்று தாத்தாக்கள் நினைத்தார்கள். பேரன்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இன்று மலேசியத் தமிழ்ப் பையன்கள் யாரும் சொல்லாமல், யாரும் பணம் கொடுக்காமல், ராத்திரி பத்து மணிவரை கார் நிறுத்துமிடத்தில் நின்று பயிற்சி செய்கிற இசை ஒன்று உண்டென்றால் அது உறுமிதான். இந்த மேளம் கல்யாணத்துக்கும் போகிறது, சாவு வீட்டுக்கும் போகிறது. இளைஞர்கள் வரவில்லையே என்று வருந்துகிற விழாக் குழு, அவர்கள் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருப்பதை ஒரு தடவையாவது காதுகொடுத்துக் கேட்டிருக்கிறதா? புகை இயந்திரத்துக்குச் செலவழிக்கிறார்கள். அன்று மேடையில் பாடகரின் முகமே தெரியாத அளவுக்குப் புகை.

உடனே உறுமியை மேடையேற்றுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியது சபை, நான் இல்லை. ஆனால் அதைப் பற்றி விழாவிலேயே ஒரு மத்தியானம் உட்கார்ந்து வாதாடலாம். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது புதிதும் அல்ல. ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் தஞ்சாவூரில் சொந்தச் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டினார். தொழில் சித்த வைத்தியம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், மனசெல்லாம் சுருதிக் கணக்கு. பெரிய வித்வான்களைக் கூப்பிட்டு, ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதி, அதாவது எத்தனை நுண்ணிய ஒலிப்படி, என்று மோதவிட்டார். 1917-இல் வந்த கருணாமிர்த சாகரம் அந்தத் தேடலில் விளைந்த நூல். அந்த மாநாடுகளுக்கு வந்த வித்வான்களை அவர் மதம் மாற்றப் பார்க்கவில்லை. இசை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார், அதனால்தான் வந்தார்கள்.

வெளிநாட்டுச் சங்கதியும் கொஞ்சம் சொல்கிறேன். இங்கிலாந்தில் கிரீன்பெல்ட் என்ற கிறிஸ்தவ விழா 1974-இல் சஃபோக்கில் ஒரு பண்ணையில் தொடங்கியது. பாட்டோடு நாடகம், அரசியல், சபைக்குள் பேசத் தயங்குகிற விவகாரங்கள் என்று எல்லாவற்றுக்கும் கூடாரம் போட்டது. இடையில் பணமுடை வந்தது. 1999-இல் செல்டன்ஹாம் குதிரைப் பந்தயத் திடலுக்குப் போனது, 2014-இல் மறுபடியும் இடம் மாறியது. ஆனாலும் நிற்கவில்லை. அதற்காக, திறந்த மனசோடு இருந்தால் விழா நிலைக்கும் என்று அவசரப்பட்டுச் சொல்லமுடியாது. அமெரிக்காவில் 1984-இல் தொடங்கிய கார்னர்ஸ்டோன் விழா அதைவிடத் தாராளம். இல்லினாயில் புஷ்னல் பக்கத்துப் பண்ணையில் அது நடந்தபோது, பெயர் தெரியாத பையன்கள் சொந்த ஜெனரேட்டரைக் கொண்டுவந்து ஓரமாக மேடை போட்டு வாசிப்பார்கள். 2012-உடன் அது முடிந்துபோனது. நியூசிலாந்தின் பாராசூட் விழாவும் 2014-க்குப் பிறகு இல்லை. ஆனால் அதை நடத்தியவர்கள் ஆக்லாந்தில் இசைக்கலைஞர்களுக்கான ஸ்டுடியோக்களைத் தொடர்ந்து நடத்தினார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். விழா நின்றால் நிற்கட்டும், வாசிக்கிற பிள்ளைக்கு வாசிக்க ஓர் அறை இருக்கிறது.

இங்கே அவர்களைப் போலப் பண்ணையில் திறந்தவெளி விழா நடத்துவது சுலபமில்லை. விழா போஸ்டரின் அடியில் 'முஸ்லிம் அல்லாதாருக்கு மட்டும்' என்று பார்த்திருப்பீர்கள். அரசியலமைப்பின் 11(4) பிரிவு முஸ்லிம்களிடையே பிற மதப் பரப்புரையைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடம் தருகிறது. அதனால் நம் விழாக்கள் சுவருக்குள்தான். இடத்துக்குப் பஞ்சமில்லை, புக்கிட் ஜாலிலில் ஒரு சபை 5,000 இருக்கைகளோடு அரங்கமே கட்டியிருக்கிறது. நிரப்பத்தான் ஆள் வேண்டும். மலேசிய இந்தியரில் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஆறு பேர் என்றது 2010 கணக்கெடுப்பு. அந்த ஆறு பேரும் லுத்தரன், மெதடிஸ்ட், கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று பிரிந்திருக்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் லுத்தரன் தேவாலயத்துக்கும் கத்தோலிக்க ஆலயத்துக்கும் நடந்தே போய்விடலாம், ஆனால் அன்று மேடையில் ஒரு கத்தோலிக்கப் பாடகர் குழுவைக்கூடக் காணோம்.

மிச்சமுள்ள தொண்ணூற்றுச் சொச்சத்தில் என்னைப் போன்ற இசைப் பைத்தியங்கள் சிலர் வருவோம். ஆனால் "முதல் முறை வந்திருப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று மைக்கில் சொன்னால் அடுத்த வருஷம் வரமாட்டோம். அன்று நான் எழுந்திருக்கவில்லை, பக்கத்திலிருந்த அம்மா என் முழங்கையை இடித்துக்கொண்டே இருந்தார். புக்கிட் மெர்தாஜம் புனித அன்னாள் திருவிழாவுக்கு ஜூலைக் கடைசியில் போயிருப்பீர்கள். மெழுகுவர்த்தியோடு வரிசையில் இந்துக்களும் நிற்பார்கள், சீனர்களும் நிற்பார்கள். அங்கே நீ யார் என்று எவரும் கேட்பதில்லை.

உங்கள் கணவர் மூலம் விழாக் குழுவுக்கு ஒன்று சொல்ல முடியுமென்றால் இதைச் சொல்லுங்கள். சென்னைப் பாடகரை அழைக்க விமானச் செலவு, தங்கும் செலவு, வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு வாங்க வேண்டிய புஸ்பால் அனுமதிக்கு அலைச்சல். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது கூட்டம் இன்னும் நாற்காலி தேடிக்கொண்டிருந்த முதல் இருபது நிமிஷம். அன்று பாடியவற்றில் யோர்தான் நதி பலமுறை வந்தது, கிள்ளான் ஆறு ஒருமுறையும் வரவில்லை. ஒரு வருஷம் வெளியூர்ப் பாடகர் இல்லாமல், இங்கே எழுதி இங்கே மெட்டுப்போட்ட பாட்டுகளை மட்டும் வைத்து, சின்ன மண்டபத்தில் நடத்திப் பார்க்கட்டும். சுமாரான பாட்டுகள் நிறைய வரும், வரட்டும்.

மகனைப் பார்வையாளனாக இழுத்துப் போகாதீர்கள். பதினேழு வயதில் மூன்று மணி நேரம் உட்காருவது தண்டனை. ஆனால் மேளக்காரப் பையன்களுக்குக் காது கூர்மையாக இருக்கும். அன்று சவுண்ட் போர்டில் தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தவருக்கு ஓர் உதவியாள் கட்டாயம் தேவை. பேஸ் கிட்டாரைத் தவிர எதுவும் சரியாகக் கேட்கவில்லை. உன்னால் சரிசெய்ய முடியுமா என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்.